லாஃப்ட் அறையாகுமா? ஏணி ஏறிப் பார்த்து நீங்களே மதிப்பிடும் முறை

லண்டனில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கோர் அறை கேட்கத் தொடங்கும்போதும், ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ சில மாதங்கள் வந்து தங்கும்போதும் முதலில் எழும் கேள்வி, "மேலே லாஃப்ட் சும்மாதானே கிடக்கிறது, அதை அறையாக்கிவிட்டால் என்ன?" என்பதுதான். தமிழ்நாட்டில் லாஃப்ட் என்றால் சமையலறையிலும் படுக்கையறையிலும் சுவரின் மேற்பகுதியில் பாத்திரமும் பெட்டியும் வைக்கும் கான்கிரீட் பலகை என்றே பொருள்படும். இங்கே அது மேல்மாடியின் சீலிங்குக்கும் ஓட்டுக்கூரைக்கும் இடையிலுள்ள முக்கோண வெளி முழுவதையும் குறிக்கும். நம் ஊர் ஓட்டு வீட்டு மச்சைப் போன்றதுதான், ஆனால் மச்சின் தளம் மூட்டைகளைத் தாங்குவதற்காகவே பலமாகப் போடப்பட்டது, லண்டன் லாஃப்டின் தளம் அப்படிப் போடப்படவில்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பெரும்பாலான சிக்கல்கள் பிறக்கின்றன.

என் வீடு வடமேற்கு லண்டனில், 1930களில் கட்டப்பட்ட, ஒரு சுவரைப் பகிர்ந்து ஒட்டி நிற்கும் இரட்டை வீடுகளில் ஒன்று. அதில் லாஃப்ட் அறை கட்டிய அனுபவமும், ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் உறவினர்களின் லாஃப்டுகளுக்குள் டார்ச்சும் டேப்புமாக ஏறி இறங்கிய அனுபவமும் எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்தன. இடம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்து லாஃப்ட் அறையாவதில்லை. மூன்று கேள்விகளே அதைத் தீர்மானிக்கின்றன: கூரையை எது தாங்கி நிற்கிறது, படிக்கட்டு எங்கே போய் முடியும், தீப்பிடித்தால் மேலே தூங்குபவர் எந்த வழியாக வெளியே வருவார். பில்டரை அழைப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை மதியத்தில் இவற்றுக்கான விடையைப் பெருமளவுக்கு நீங்களே கண்டறிந்துவிடலாம். இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்குரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு.

ஏறுவதற்கு முன்

முதலில் வீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். நீங்கள் வசிப்பது மேல்மாடி ஃபிளாட் என்றால், உங்கள் சீலிங்குக்கு மேலுள்ள வெளி உங்களுக்குச் சொந்தமாக இல்லாமல் இருக்கலாம். நிலத்தின் உரிமையாளரே கூரைக்கும் உரிமையாளராக இருப்பது வழக்கம். ஏறுவதற்கான கதவு உங்கள் ஃபிளாட்டுக்குள் இருப்பதாலேயே அந்த இடம் உங்களுடையதாகிவிடாது. தனி வீடாக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

அடுத்து, வீடு கட்டப்பட்ட காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஈஸ்ட்ஹாம் தெருக்களில் வரிசையாக நிற்கும் விக்டோரிய, எட்வர்டிய கால வீடுகளிலும், ஹாரோ பக்கத்து 1930களின் வீடுகளிலும் தச்சர்கள் மரத்தை அந்த இடத்திலேயே வெட்டிப் பொருத்திக் கூரை அமைத்தார்கள். 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு, தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தும் டிரஸ் கூரைகள் பரவின. உங்கள் வீடு 1970களுக்குப் பிந்தையது என்றால், அது பெரும்பாலும் டிரஸ் கூரையாகவே இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு ஏறுங்கள்.

ஐந்து மீட்டர் டேப், நெற்றியில் கட்டும் டார்ச், முகக்கவசம், கையுறை, பென்சில், தாள், முடிந்தால் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அகலமான பலகை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலை மரச்சட்டங்களின் மேல் மட்டுமே வைக்க வேண்டும். சட்டங்களுக்கு இடையில், குளிர்காப்புப் பஞ்சுக்கு அடியில் இருப்பது மெல்லிய பிளாஸ்டர் பலகைதான். அதில் கால் பட்டால் கீழறையின் சீலிங் வழியாக நேரே இறங்கிவிடும். பழைய தண்ணீர்த் தொட்டி, புகைக்குழாய், தளத்தில் கொட்டிய மினுமினுக்கும் சிறு துகள்கள் போன்றவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் பயன்பாடு பிரிட்டனில் 1999இல்தான் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. ஐயம் எழுந்தால் எதையும் கிளறாமல் இறங்கிவிடுங்கள்.

கூரையை எது தாங்குகிறது?

மேலே போனதும் அளக்கத் தொடங்காதீர்கள். விளக்கை மெதுவாகச் சுற்றிக் காட்டி, மரங்கள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். ஓட்டுக்கு அடியில் சரிவாக இறங்கும் கைமரங்களும், அவற்றின் பாதி உயரத்தில் குறுக்காக ஓடும் தடித்த உத்தரமும், அந்த உத்தரத்துக்கு ஆங்காங்கே கொடுத்த முட்டுகளும், நடுவில் நிமிர்ந்து நிற்கக்கூடிய திறந்த வெளியும் தெரிந்தால், அது வெட்டிப் பொருத்திய பழைய கூரை. அந்தக் குறுக்கு உத்தரத்தைப் பில்டர்கள் பர்லின் என்பார்கள். இத்தகைய கூரையை அறையாக்குவது எளிது. பர்லினும் முட்டுகளும் அறைக்குக் குறுக்கே வந்தாலும், புதிய தளத்தின் மேல் குட்டைச் சுவர் எழுப்பியோ இரும்பு பீம் கொடுத்தோ அவற்றின் வேலையை மாற்றிவிடலாம்.

அதற்கு மாறாக, அறுபது சென்டிமீட்டருக்கு ஒன்றாக, மெல்லிய மரங்கள் ஆங்கில டபிள்யூ எழுத்து வடிவில் குறுக்கும் நெடுக்குமாக நின்று, அவை கூடும் இடங்களிலெல்லாம் பல் வைத்த இரும்புத் தகடு அழுத்தப்பட்டிருந்தால், அது டிரஸ். இந்த மரங்களில் ஒன்றுகூட வீண் இல்லை. மேல் மரமும் கீழ் மரமும் இடை மரங்களும் சேர்ந்தே கூரையின் பாரத்தைச் சுவருக்குக் கடத்துகின்றன. பெட்டி வைக்க இடம் போதவில்லை என்று ஒரே ஓர் இடை மரத்தை அறுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்; அதன் விளைவு சில ஆண்டுகள் கழித்துக் கீழறையின் சீலிங்கில் விரிசலாகத் தெரிந்தது. டிரஸ் கூரையையும் அறையாக்கலாம். ஆனால் எந்த மரத்தையும் தொடுவதற்கு முன் புதிய பீம்களும் கைமரங்களும் பாரத்தை ஏற்றிருக்க வேண்டும் என்பதால், வேலையும் செலவும் வெகுவாகக் கூடும். டிரஸ் கூரையும் குறைந்த உயரமும் ஒருங்கே இருந்தால், அந்த வீட்டில் லாஃப்ட் அறை என்ற எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

உயரம்: டேப் சொல்வதும் மிஞ்சுவதும்

பழைய கூரையாக இருந்தால் இப்போது அளக்கலாம். பஞ்சை ஒதுக்கி, சீலிங் சட்டத்தின் மேல்விளிம்பில் டேப்பின் நுனியை வைத்து, முகட்டு மரத்தின் அடிவிளிம்பு வரை நேர்செங்குத்தாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 2.2 மீட்டருக்குக் குறைவாக இருந்தால், கூரையை உயர்த்தாமலோ கீழறைகளின் சீலிங்கைத் தாழ்த்தாமலோ வேலை நடக்காது. 2.2 முதல் 2.4 வரை நெருக்கடி. 2.5க்கு மேல் இருந்தால் நிம்மதியாக மேற்கொண்டு யோசிக்கலாம்.

டேப்பில் தெரியும் உயரம் அறையில் கிடைக்காது என்பதை என் வீட்டுக் கணக்கிலேயே காட்டுகிறேன். முன்சுவரிலிருந்து பின்சுவருக்கு ஏழு மீட்டர். கூரையின் சரிவு 35 பாகை. பாதி அகலமான 3.5 மீட்டரை, 35 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பான 0.70 ஆல் பெருக்கினால் 2.45 மீட்டர் வரும். நான் அளந்தபோதும் ஏறத்தாழ அவ்வளவே இருந்தது. கீழே, 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள பழைய சீலிங் சட்டங்களுக்கு இடையில், சீலிங்கைத் தொடாதபடி 2.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, 19.5 சென்டிமீட்டர் ஆழமுள்ள புதிய தளச் சட்டங்களை வைத்தார்கள். அவற்றின் மேல்விளிம்பு பழைய சட்டத்தைவிட 12 சென்டிமீட்டர் உயர்ந்தது, அதன்மேல் 2.2 சென்டிமீட்டர் தளப்பலகை. ஆகவே தரையில் மட்டும் 14 சென்டிமீட்டர் போய்விட்டது. மேலே, கைமரத்துக்கு அடியில் குளிர்தாங்கும் பலகையும் பிளாஸ்டர் பலகையும் சேர்ந்து 6.5 சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டன. முகட்டுக்குக் கொடுத்த இரும்பு பீமை மூடி, அந்த உயரத்தில் சீலிங்கைச் சமதளமாக்கியதில் இன்னும் 14 சென்டிமீட்டர் குறைந்தது. 2.45 மீட்டரில் மிஞ்சியது 2.10.

இதோடு கணக்கு முடியவில்லை. 2.10 மீட்டர் கிடைப்பது முகட்டுக்கு நேர் கீழேயுள்ள குறுகிய சமதளப் பகுதியில் மட்டும்தான். இருபக்கமும் கூரை சரிந்து இறங்குகிறது. 1.5 மீட்டருக்குக் கீழான உயரத்தைக் கட்டிலோ அலமாரியோ வைக்கப் பயன்படுத்தலாமே தவிர நடமாட முடியாது. 35 பாகைச் சரிவில், கூரை 1.5 மீட்டர் வரை இறங்குவதற்குள் கிடைக்கும் அகலம், சமதளப் பகுதியும் இருபக்கமும் சேர்த்துச் சுமார் 2.1 மீட்டர்தான். ஓரளவு உயரமான ஒருவர் தலை குனியாமல் நடக்கத் தேவையான 1.9 மீட்டரை எடுத்துக்கொண்டால், அகலம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஏழு மீட்டர் அகல வீட்டில் கிடைப்பது அறையன்று, ஒரு நடைபாதை. இதனால்தான் இங்கே பெரும்பாலான வீடுகளில் பின்பக்கக் கூரையை வெட்டி, நிமிர்ந்த சுவரும் தட்டைக் கூரையும் கொண்ட டோர்மர் என்னும் பெட்டி வடிவ நீட்சியைக் கட்டுகிறார்கள். கூரையில் ஜன்னல் மட்டும் பொருத்தி அறையாக்குவது, சரிவு 45 பாகையை ஒட்டியும் முகடு மூன்று மீட்டரை ஒட்டியும் உள்ள வீடுகளுக்கே பொருந்தும்.

உங்கள் வீட்டுக்கு இந்தக் கணக்கைப் போடச் சரிவின் கோணம் வேண்டும். கைப்பேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து, பேசியின் விளிம்பைக் கைமரத்தின் மேல் வைத்தால் பாகை தெரிந்துவிடும். முகட்டு உயரத்திலிருந்து 35 சென்டிமீட்டரைக் கழித்து, மிச்சத்தை அறையின் உச்சி உயரமாக எடுத்துக்கொண்டு, அந்தச் சரிவில் எவ்வளவு அகலம் கிடைக்கும் என்று பாருங்கள்.

படிக்கட்டு

நான் பார்த்தவரை லாஃப்ட் திட்டங்கள் முறிவது உயரத்தால் அன்று, படிக்கட்டால்தான். ஆனால் பில்டர் வரைந்து தரும் முதல் படத்தில் அறை அழகாக இருக்கும், படிக்கட்டு ஒரு மூலையில் சிறு கோடுகளாக இருக்கும். அந்தச் சிறு கோடுகளைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

மக்கள் வசிக்கும் அறைக்கு நிலையான படிக்கட்டு வேண்டும். இழுத்து மடிக்கும் ஏணி ஏற்கப்படாது. ஒரு படியின் உயரம் 22 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது, கால் வைக்கும் ஆழம் 22 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, மொத்தச் சரிவு 42 பாகையைத் தாண்டக்கூடாது. மேல்மாடியின் தரையிலிருந்து புதிய தளத்துக்கு 2.65 மீட்டர் என்று வையுங்கள். பதின்மூன்று ஏற்றங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 20.4 சென்டிமீட்டர், சரிவு 42 பாகைக்குள் அடங்க, கால் வைக்கும் ஆழம் 22.7 சென்டிமீட்டராவது வேண்டும். கடைசி ஏற்றம் புதிய தளத்திலேயே முடிவதால், பன்னிரண்டு படிகளுக்கு 2.7 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் போகும். இதற்கு மேல், தொடக்கத்திலும் முடிவிலும் நின்று திரும்ப இடம் வேண்டும். இந்த நீளத்தைத் தாளில் எழுதிவைத்து, மேல்மாடி நடையில் டேப்பை விரித்து, சுவரில் பென்சிலால் குறித்துப் பாருங்கள். இப்போதிருக்கும் படிக்கட்டுக்கு நேர் மேலே புதியது வந்தால் கீழே எதையும் இழக்க மாட்டீர்கள். அப்படி வராவிட்டால் ஒரு படுக்கையறையின் பகுதியை வெட்டிக் கொடுக்க வேண்டும். சிறிய அறையைப் படிக்கட்டுக்குக் கொடுத்துவிட்டு மேலே ஓர் அறை பெறுவது, ஓர் அறையை இன்னொன்றாக மாற்றுவதே அன்றி ஓர் அறையைக் கூட்டுவதாகாது.

அடுத்தது தலை உயரம். படியின் மேல் நிற்பவருக்கு இரண்டு மீட்டர் தலை உயரம் வேண்டும் என்பது பொது விதி. லாஃப்ட் படிக்கட்டில் மட்டும், சரிவுக் கூரையின் காரணமாக, நடுக்கோட்டில் 1.9 மீட்டரும் ஓரத்தில் 1.8 மீட்டரும் இருந்தால் ஏற்கிறார்கள். ஆகவே படிக்கட்டு போய் முடியும் இடம் முகட்டுக்கு அருகிலோ டோர்மருக்கு அடியிலோ அமைய வேண்டும். 1930களின் இரட்டை வீடுகளில் இங்கேதான் சிக்கல். அவற்றில் படிக்கட்டு வெளிப்பக்கச் சுவரை ஒட்டி ஏறுகிறது. அந்தப் பக்கத்திலும் கூரை சரிந்து இறங்குவதால், படிக்கட்டுக்கு நேர் மேலே லாஃப்டின் மிகத் தாழ்ந்த பகுதி இருக்கிறது. பக்கச் சரிவை நீக்கி, அந்தச் சுவரை முகடு வரை முக்கோணமாக எழுப்பினால்தான் தலை இடிக்காமல் ஏற முடியும். என் வீட்டுக்கு விலை சொல்ல வந்த ஒரு பில்டர் ஏணி ஏறாமலேயே, "டோர்மர் மட்டும் போதும்" என்று எழுதிக் கொடுத்தார். நானும் மனைவியும் அன்றிரவு, படிக்கட்டு முடியும் இடத்துக்கு நேர் மேலே கைமரத்தில் ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டு அளந்தோம். புதிய தளம் வரவேண்டிய மட்டத்திலிருந்து கைமரம் வரை 1.3 மீட்டர்தான் இருந்தது. அந்தத் தாளை அவரிடம் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டிருந்தால் வேலையின் நடுவில் பாதிக் கூரை திறந்த நிலையில் புதிய விலை பேசியிருக்க வேண்டும்.

இந்தப் படிக்கட்டில் யார் ஏறுவார் என்பதையும் இங்கேயே யோசித்துவிடுங்கள். 42 பாகையில் இரண்டு மாடி ஏறி இறங்குவது மூட்டுவலி உள்ள அம்மாவுக்கான ஏற்பாடு அல்ல. லாஃப்டைப் பிள்ளைகளுக்கோ நமக்கோ வைத்துக்கொண்டு, அவருக்குக் கீழறையைக் கொடுப்பதென்று முடிவு செய்தால், குளியலறையை மேலே வைப்பதா வேண்டாமா என்பது உள்பட எல்லாம் மாறும்.

தீப்பிடித்தால் வெளியேறும் வழி

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இரண்டு மாடி வீட்டில் லாஃப்ட் அறையைக் கட்டும்போது அது மூன்று மாடி வீடாகிவிடுகிறது; மேல்தளம் தரையிலிருந்து 4.5 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அந்த உயரத்திலிருந்து ஜன்னல் வழியாகக் குதிக்கவோ இறங்கவோ முடியாது. கூரை ஜன்னல் பெரிதாக இருக்கிறதே, அது போதாதா என்று பலரும் கேட்கிறார்கள்; போதாது. படிக்கட்டு ஒன்றே வழி என்பதால், லாஃப்டிலிருந்து வாசல் கதவு வரை அந்த வழி முழுவதும் அரை மணி நேரம் தீயைத் தடுக்கும் சுவர்களுக்குள் இருக்க வேண்டும். படிக்கட்டை நோக்கித் திறக்கும் வசிப்பறைக் கதவுகளெல்லாம் தீத்தடுப்புக் கதவுகளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் மின்இணைப்புள்ள புகை எச்சரிக்கை மணி பொருத்தி, ஒன்று ஒலித்தால் அனைத்தும் ஒலிக்குமாறு இணைக்க வேண்டும். ஒரே தளமுள்ள பங்களாவில் லாஃப்ட் 4.5 மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், அங்கே தப்பிப்பதற்கேற்ற ஜன்னல் போதுமானதாகலாம்.

ஆகவே டேப்போடு கீழே இறங்கி, வாசலுக்கு வாருங்கள். படிக்கட்டின் அடியில் நின்று பார்த்தால் வாசல் கதவு வரை சுவர் தொடர்கிறதா? நம்மவர்களில் பலர் விருந்தினர் வந்தால் உட்கார இடம் வேண்டும் என்பதற்காக நடைக்கும் ஹாலுக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டிருக்கிறார்கள். என் வீட்டிலும் முந்தைய உரிமையாளர் அதைச் செய்திருந்தார். அப்படியிருந்தால் படிக்கட்டு நேரே ஹாலில் இறங்குகிறது. சோபாவில் பிடித்த தீயின் புகை நேரே லாஃப்டுக்கு ஏறும். சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும், அல்லது நீர்த்தூவிகள் பொருத்திய வேறொரு ஏற்பாட்டை வடிவமைக்க வேண்டும். நாங்கள் சுவரைத் திரும்பக் கட்டினோம். ஹால் சிறிதானது. லாஃப்ட் அறையின் உண்மையான செலவில் அந்த இழப்பும் சேரும்.

அனுமதி எதுவும் இல்லாமல் பலகை அடித்து, கம்பளம் விரித்து, கட்டில் போட்டு, "சேமிப்பறைதான்" என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளைத் தூங்கவைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கீழே சமையலறை, நடுவில் சாதாரணக் கதவுகள், மேலே ஆழ்ந்த தூக்கத்தில் பிள்ளைகள். வாடகைக்கு விடும் வீடுகளிலும் இது நடக்கிறது. இடநெருக்கடி எவ்வளவு கடுமையானது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்கு இது விடையாகாது.

பாரம் இறங்கும் பாதை

சீலிங் சட்டங்கள் சீலிங்கையும், அதன்மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ சேமிப்புப் பொருளையும் தாங்கும் அளவுக்கே வடிவமைக்கப்படுகின்றன. வசிப்பறையின் தளமோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோவுக்குக் கணக்கிடப்படுகிறது. ஆறு மடங்கு. 7.5 அல்லது 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள பழைய சட்டங்களின் மேல் பலகை அடித்தால் அது தளமாகாது என்பதன் காரணம் இதுதான். புதிய தளச் சட்டங்கள் புதிய இரும்பு பீம்களில் நிற்கும். பீம்கள், பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச் சுவரிலும் வெளிச்சுவரிலும் நிற்கும். அந்தச் சுவர்கள் அடித்தளம் வரை தடையின்றி இறங்க வேண்டும்.

இதில் நீங்கள் கவனித்துச் சொல்லக்கூடிய மூன்று செய்திகள் எஞ்சினியருக்குப் பெரிதும் உதவும். கீழ்த்தளத்தில் எந்தெந்தச் சுவர் முன்பு எடுக்கப்பட்டது, அங்கே பீம் போட்டதற்கான தாள் இருக்கிறதா என்பது ஒன்று. மேல்மாடியின் நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தால் செங்கல்லின் கனத்த ஒலி வருகிறதா, பலகையின் பொள்ளல் ஒலி வருகிறதா என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: கணப்பின் புகைபோக்கி. இடம் வேண்டி, கீழறைகளில் துருத்திக்கொண்டிருந்த புகைபோக்கிச் செங்கல்லை எடுத்துவிட்டு, லாஃப்டில் அதன் மேற்பகுதியை அப்படியே விட்டிருப்பார்கள். அந்தச் செங்கல் கோபுரம் எதன்மேல் நிற்கிறது என்று விளக்கடித்துப் பாருங்கள். அதன் அடியில் இரும்பு பீம் தெரியாமல், ஒன்றிரண்டு மரத்துண்டுகளோ சிறு தாங்கிகளோ மட்டும் தெரிந்தால், லாஃப்ட் அறையைப் பற்றிய யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு உடனடியாக ஒரு ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரை அழையுங்கள்.

கவுன்சிலும் பக்கத்து வீடும்

வீட்டின் வெளித்தோற்றத்தையும் அளவையும் பார்க்கும் திட்ட அனுமதி, கட்டுமானத்தின் பலத்தையும் பாதுகாப்பையும் பார்க்கும் கட்டட விதிமுறை அனுமதி என இரண்டு வெவ்வேறு அனுமதிகள் இருக்கின்றன; இவற்றைக் குழப்பிக்கொள்வதே வழக்கமான தவறு. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு ஆணையின்படி, பெரும்பாலான தனி வீடுகளுக்குத் திட்ட அனுமதி கேட்காமலே கூரையைக் குறிப்பிட்ட அளவு பெரிதாக்கும் உரிமை உண்டு. வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர், இரட்டை வீட்டுக்கும் தனித்து நிற்கும் வீட்டுக்கும் 50 கன மீட்டர். முன்பு யாரேனும் கூரையில் சேர்த்ததும் இதில் அடங்கும். தெருவை நோக்கிய முன்பக்கச் சரிவுக்கு வெளியே டோர்மர் நீளக்கூடாது, பழைய முகட்டைவிட உயரக்கூடாது, பால்கனி கூடாது, பக்கவாட்டு ஜன்னலில் மங்கலான கண்ணாடி வேண்டும். ஃபிளாட்டுகளுக்கு இந்த உரிமை கிடையாது. பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களில் கூரையைப் பெரிதாக்கவும் கிடையாது.

கன அளவைக் கணிப்பது கடினமன்று. என் வீட்டில் பக்கச் சரிவை நீக்கி முக்கோணச் சுவர் எழுப்பியதால் கூடியது, 3.5 ஐ 7 ஆலும் 2.45 ஆலும் பெருக்கி ஆறால் வகுத்தால் வரும் 10 கன மீட்டர். ஆறு மீட்டர் நீளமும் 2.2 மீட்டர் உயரமும் 3.1 மீட்டர் ஆழமும் கொண்ட டோர்மர் முக்கோண வெட்டுமுகம் உடையது என்பதால், மூன்றையும் பெருக்கிப் பாதியாக்கினால் சுமார் 20.5. மொத்தம் 30.5, ஐம்பதுக்குள் அடங்குகிறது. அடங்கினாலும், வேலை சட்டப்படியானதுதான் என்று கவுன்சில் தரும் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதையும், கட்டட விதிமுறையின் நிறைவுச் சான்றிதழையும்தான். திட்ட அனுமதி தேவைப்படாத வீட்டுக்கும் கட்டட விதிமுறை அனுமதி கட்டாயம்.

பீமைப் பொதுச் சுவருக்குள் நுழைப்பதென்றால், 1996ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டப்படி, வேலை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பதினான்கு நாளில் அவர் எழுத்தில் இசையாவிட்டால் தகராறாகக் கருதப்பட்டு, சர்வேயர்கள் வருவார்கள். அவர்களின் கட்டணம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். தபாலில் அறிவிப்பு போவதற்கு முன் நீங்களே போய்க் கதவைத் தட்டி, படத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். என் பக்கத்து வீட்டு அம்மையாருக்கு இருந்த கவலை விரிசலைப் பற்றியதன்று, காலை எட்டு மணிக்குத் தொடங்கும் சத்தத்தைப் பற்றியது. அதைப் பேசி ஒத்துக்கொண்ட பிறகு கையொப்பமிட்டுவிட்டார்.

இன்னும் சில

லாஃப்டில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அது இடம் மாற வேண்டும். பாய்லரை மாற்ற நேரலாம், மேல்தளக் குளியலறைக்குத் தண்ணீர் அழுத்தம் போதுமா என்றும் பார்க்க வேண்டும். தளத்தில் கிடக்கும் 27 சென்டிமீட்டர் பஞ்சு, அறையான பின் பயன்படாது; குளிர்காப்பு கூரைச் சரிவுக்கு இடம்பெயர வேண்டும். கைமரத்தின் ஆழம் 10 சென்டிமீட்டர் என்றால், ஓட்டை ஒட்டி 5 சென்டிமீட்டர் காற்றுப்பாதை விட்டபின் உள்ளே 5 சென்டிமீட்டர் பலகைக்கே இடம் இருக்கும். மிச்சத்தை அடியில் ஒட்டுவதால்தான் முன்பு சொன்ன உயரம் குறைகிறது. மரத்தில் கறுப்புத் திட்டு, ஈரம், பொடியாக உதிரும் துளைகள் தெரிந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எலிப்புழுக்கை போன்று தோன்றி, விரலால் நசுக்கினால் பொடியாகும் எச்சம் கிடந்தால் அது வௌவாலுடையதாக இருக்கலாம். பிரிட்டனில் எல்லா வௌவால் இனங்களும் அவற்றின் தங்குமிடமும் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை. உரிய ஆய்வு முடியும்வரை எதையும் கலைக்கக்கூடாது.

யாரை முதலில் அழைப்பது

இப்போது உங்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது: கூரையின் வகை, முகட்டு உயரம், சரிவு, வீட்டின் அகலம், படிக்கட்டின் நீளமும் அது முடியும் இடத்தின் தலை உயரமும், கீழே எடுக்கப்பட்ட சுவர்கள், புகைபோக்கியின் நிலை. இந்தத் தாளோடு முதலில் ஒரு ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரிடமோ கட்டடக் கலைஞரிடமோ போங்கள். பில்டரிடம் அதன் பிறகு போங்கள். இலவசமாக வந்து பார்க்கும் பில்டர் வேலையை விற்க வருகிறார். கட்டணம் வாங்கும் எஞ்சினியர் "வேண்டாம்" என்று சொன்னால் அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. அவருடைய கணக்கும் படமும் கையில் இருந்தால், மூன்று பில்டர்களிடம் ஒரே வேலைக்கு விலை கேட்க முடியும். வீட்டுக் கடன் கொடுத்த வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தொடங்குவதற்கு முன்பே எழுதித் தெரிவியுங்கள்.

விடை "முடியாது" என்று வந்தாலும் லாஃப்ட் வீணில்லை. பஞ்சை அழுத்தாமல் அதற்கு மேலே நிற்குமாறு சீலிங் சட்டங்களில் கால்களைப் பொருத்தி, நடுப்பகுதியில் மட்டும் பலகை அடித்து, கதவோடு சேர்ந்த நல்ல ஏணி ஒன்றை வைத்தால், கீழறைகளில் கட்டிலுக்கு அடியிலும் அலமாரியின் மேலும் அடுக்கியிருக்கும் சூட்கேஸ்கள், கொலுப் பொம்மைப் பெட்டிகள், குளிர்காலப் போர்வைகள் அனைத்தும் மேலே போய்விடும். சதுர மீட்டருக்கு 25 கிலோ என்ற வரம்பை நினைவில் வைத்து, புத்தகப் பெட்டிகளை மட்டும் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.